ஐந்து வீட்டு ஃபிளாஸ்க்

என் டீ நன்றாக இருக்கும். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மற்ற சமையலில் நான் சுமார்தான். என் ரசத்தை நான் பெற்ற பிள்ளைகளே மெச்சியதில்லை. என் இட்லி சில நாள் மெத்தென்று வரும், சில நாள் சுவரில் அடித்தால் திரும்பி வரும். ஆனால் டீ என்று வந்துவிட்டால் எங்கள் வட்டத்தில் என்னோடு போட்டிக்கு நிற்க ஆளில்லை. கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் சாயங்காலமானால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வந்தார். எங்கள் வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் கிடையாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இந்த ஊரில் டீக்குப் பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டவுன்ஷிப்பில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்தது. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாலே எந்த மாவட்டத்து வீடு என்று சொல்லிவிடலாம். கோயம்புத்தூர்க்காரர் வீட்டில் பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சிவிட்டு டீத்தூளைப் பேருக்குக் காட்டுவார்கள். மதுரைக்காரர் வீட்டில் இஞ்சி நசுக்குகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். நெல்லிக்குப்பத்துப் பாய் வீட்டில் பாலே சேர்க்காமல் புதினாவும் எலுமிச்சையும் போட்டுக் கண்ணாடி கிளாஸில் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி குறிஞ்சிப்பாடிக்காரி. இந்த மண்ணிலேயே பிறந்தவள். அவள் டீயில் சர்க்கரை ஒரு பிடி தூக்கலாக இருக்கும், மனசும் அப்படித்தான். நாங்கள் உடன்குடிப் பக்கம். எங்கள் டீயைப் பற்றித்தான் மேலே சொல்லிவிட்டேனே.

இந்த ஐந்து வீட்டு ஆண்களும் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட், ஒரே மெஷின். மேல்மண்ணை வெட்டுகிற ராட்சச மெஷின் அது. ஒரு பெரிய சக்கரம், அதைச் சுற்றிலும் பக்கெட்டுகள், ஒவ்வொரு பக்கெட்டிலும் இரும்புப் பற்கள். அந்தச் சக்கரத்தை ஓட்டுகிற ஆபரேட்டர் என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் எலெக்ட்ரீஷியன். மற்ற மூவருக்கும் அதே மெஷினில் வேறு வேறு வேலை. இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் எப்போது ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. ஷிப்டுக்கு ஒரு வீட்டிலிருந்து ஒரு பெரிய ஃபிளாஸ்க் டீ போகவேண்டும். இன்று மதுரைக்காரர் வீடு என்றால் நாளை பாய் வீடு, மறுநாள் எங்கள் வீடு. ஒரே ஃபிளாஸ்க், ஐந்து டம்ளர். கேன்டீன் டீ வந்தாலும் வராவிட்டாலும் இது போகும். இதில் எழுதாத சட்டம் ஒன்று, முறைக்காரர் வீட்டு டீயை யாரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வேண்டாம் என்றால் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வர மாட்டேன் என்று சொன்ன மாதிரி.

சுரங்கத்துக்குள் டீ என்பது சும்மா வாய்க்கு ருசி இல்லை. சித்திரை வெயிலில் அந்தப் பள்ளம் தகிக்கும். தூசி தொண்டையில் பூசிக்கொண்டு உட்காரும். ஒரு மடக்கு சூடாக உள்ளே போனால்தான் குரல் திரும்பி வரும் என்பார் என் வீட்டுக்காரர். மழைக்காலத்தில் சேறும் ஈரமும் எலும்பு வரைக்கும் ஏறும்போது அந்த டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வதே பாதி வைத்தியம். டீ உடம்புக்கு நல்லது என்று ஒரு நாள் போனில் மெசேஜ் வருகிறது, கெட்டது என்று மறுநாள் அதே ஆளிடமிருந்து வருகிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் பச்சை டீ என்று ஒரு டப்பா அனுப்பினாள். வைக்கோல் ஊறவைத்த தண்ணீர்தான் அது, வேறொன்றுமில்லை. எனக்குத் தெரிந்த நன்மை ஒன்றுதான்: என் டீயைக் குடித்த மனுஷர் ஷிப்ட் முடிந்து முகம் சுளிக்காமல் வீடு வந்து சேர்கிறார்.

அப்படி வந்து சேர்கிறவர், ஒரு நாள் மெடிக்கல் செக்கப் முடித்துவிட்டு முகம் தொங்கிப்போய் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"சுகர் ஏறிக் கெடக்காம். மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க. கொறையலன்னா மெஷினை விட்டு எறக்கிருவாங்களாம். கீழ ஏதாச்சும் வேலை குடுப்பாங்க."

சம்பளம் குறையாது, வேலையும் போகாது. கேட்பவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இந்த மனுஷர் காண்ட்ராக்ட்டில் மண்வெட்டியோடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியவர். வருஷக்கணக்காக அந்தச் சக்கரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர். பெர்மனென்ட் ஆகி, ஹெல்ப்பராகி, பரீட்சை எழுதி, ஒவ்வொரு படியாக ஏறித்தான் அந்தக் கேபின் ஸீட்டில் உட்கார்ந்தார். முதல் நாள் உட்கார்ந்துவிட்டு வந்தபோது சாப்பிடாமலே தூங்கிப் போனார், அவ்வளவு சந்தோஷம். மண்ணின் நிறம் மாறுவதைப் பார்த்தே சக்கரத்தை எங்கே தணிக்க வேண்டும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று சொல்வார். அவரைக் கீழே இறக்கி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தால் உயிர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

அடுத்த நாளே அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் மகள் வயசுதான், ஆனால் பேச்சில் கறார். மாத்திரை எழுதினார், தினமும் நடக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "டீயை விடச் சொல்லல. அளவா குடிங்க. ஆனா டீயில இனிப்பு வேண்டாம்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். என் அண்ணனுக்கு போன் செய்தேன். நாலாம் நாள் பார்சலில் கருப்பட்டி வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க எங்கள் ஊர் வாசனை. எங்கள் பக்கத்தில் கருப்பட்டி இனிப்பில் சேராது, மருந்தில்தான் சேரும். பிரசவமானவளுக்குக் கருப்பட்டி, பூப்பெய்தியவளுக்குக் கருப்பட்டி, சளி பிடித்தால் கருப்பட்டி, களைத்துப் போனால் கருப்பட்டி. வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்பதை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். எந்த டாக்டரையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கருப்பட்டி டீ போடுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். கருப்பட்டியைத் தனியாகக் காய்ச்சி, கல் மண் போக வடிகட்டி, டீயை இறக்கி, பாலைக் கலந்து, கடைசியில்தான் பாகை ஊற்ற வேண்டும். எங்கள் முறை வந்த அன்று அப்படிப் போட்டு ஃபிளாஸ்க் நிறைய அனுப்பினேன். ஃபிளாஸ்க் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"என்னாக்கா குடுத்து வுட்டீங்க? எங்க வூட்டுக்காரு அதையே சொல்லிகினு இருக்காரு. தேவாமிர்தமா இருந்துச்சாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு கருப்பட்டியை உடைத்துப் பாதியை அவள் கையில் கொடுத்தேன். மற்ற மூன்று வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். செய்முறையும் சொன்னேன். "உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, எத்தனை டம்ளர் வேணும்னாலும் குடிக்கலாம்" என்று சொன்னதும் நான்தான். ஐந்து வீட்டிலும் சர்க்கரை நின்றது, கருப்பட்டி ஏறியது. பாய் வீட்டு அம்மா புதினா டீயில்கூடப் போட்டுப் பார்த்தார். உடம்புக்கு நல்லது என்றானதும் மெஷின்காரர்கள் ஒரு டம்ளர் குடிக்கிற இடத்தில் இரண்டு குடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி, நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவன், ஊரிலிருந்து வந்திருந்தபோது, "நீங்கல்லாம் இப்படிப் பண்ணா எங்க பொழப்பு என்னாங்க ஆவறது?" என்று சிரித்தான். நான் ஊரையே திருத்திவிட்ட மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

ஒன்றரை மாசம் கழித்து ரத்தம் பார்த்தபோது சுகர் ஒரு புள்ளி இறங்கவில்லை. ஏறியிருந்தது.

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்திரை போடுறாரா?"

"வேளை தவறாம போடுறாருங்க. நான்தானே குடுக்கேன்."

"நடக்குறாரா?"

"கூடவே நானும் போறேன்."

"டீயில சர்க்கரை?"

"ஐயோ, சர்க்கரையை வீட்டுக்குள்ளயே விடுறதில்ல. சுத்தமான உடன்குடிக் கருப்பட்டிதாங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, உங்க ஊர்க் கருப்பட்டி நல்ல பொருள்தான். அதுல சத்து இருக்கு, வாசனை இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா அதுவும் இனிப்புதாம்மா. ரத்தத்துக்குள்ள போனா வெள்ளையா கருப்பான்னு பார்க்காது. வெல்லமும் அப்படித்தான், தேனும் அப்படித்தான். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மெஷின்ல உட்காரலாம்னு நான் கையெழுத்துப் போட முடியாது. அவ்ளோ பெரிய மெஷின்ல இருக்கும்போது மயக்கம் வந்தா என்ன ஆகும், சொல்லுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு, "ஏறு" என்றார். அவ்வளவுதான். மரங்களுக்கு நடுவே நேராகப் போகிற அந்த ரோட்டில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அன்று எனக்கு வந்த கோபம் அவர்மேலும் இல்லை, டாக்டரம்மாமேலும் இல்லை. நம் வீட்டு அடுப்பில் கொதிக்கிற ஒரு டீயா இந்த மனுஷரை ஸீட்டை விட்டு இறக்கப் போகிறது? ஒரு கை பார்த்துவிடுவது என்று அந்த ரோட்டிலேயே முடிவு செய்தேன்.

முதலில் சும்மா சர்க்கரை போடாமல் வழக்கம்போல டீ போட்டுக் குடித்துப் பார்த்தேன். கசப்பு மண்டையைப் பிளந்தது. இத்தனை வருஷமாக ஊரெல்லாம் மெச்சிய என் டீயா இது? அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. தூளை நாம் ரொம்பவும் கொதிக்க வைக்கிறோம். நிறம் வரட்டும், கெட்டியாக இருக்கட்டும் என்று பொங்கப் பொங்க விடுகிறோம். அதில் வருகிற கசப்பை மூடத்தான் சர்க்கரையைக் கொட்டுகிறோம். கசப்பே வராமல் டீ போட்டால் இனிப்புக்கு அங்கே வேலையே இல்லை.

அதிலிருந்து ஒரு வாரம் என் அடுப்படி பரிசோதனைக்கூடம் ஆனது. பொடித்தூளை விட்டுவிட்டு இலை பெரிதாக இருக்கிற தூள் வாங்கிவரச் சொன்னேன். பண்ருட்டியில் ஒரு மொத்தக் கடையில் கிடைத்தது. தண்ணீரில் இஞ்சியும் ஒரு ஏலக்காயும் சின்னப் பட்டைத் துண்டும் தட்டிப்போட்டு அதை மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டேன். அடுப்பை அணைத்த பிறகுதான் தூள். மூடி வைத்து, நிறம் இறங்கியதும் உடனே வடிகட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கசக்கும், அவசரப்பட்டால் வெந்நீராக இருக்கும். பாலைத் தனியாகக் காய்ச்சி அளவாகக் கலந்தேன். பட்டை கூடினால் பிரியாணி வாசனை வந்தது, இஞ்சி கூடினால் தொண்டை எரிந்தது. போட்டதையெல்லாம் நானே குடித்துக் குடித்து ராத்திரியில் தூக்கம் போனதுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாள் காலையில் ஒரு டம்ளர் அமைந்தது. ஒரு மடக்கு குடித்தேன். இஞ்சி முதலில் வந்தது, பிறகு பால், பிறகு தேயிலை. தேயிலைக்கு இவ்வளவு நல்ல ருசி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு, "அடி சக்கை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் குடித்தார். டம்ளரைச் சுழற்றிப் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"இதுல ஒண்ணும் போடலியா?"

"ஒண்ணும் போடல."

"நெசமாவா?"

"உங்க ஸீட்டு மேல சத்தியமா போடல."

அவர் முகத்தில் அந்த மாசத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே மறைந்தது. "வீட்ல சரி. ஷிப்ட்ல என்ன பண்றது? மத்த வீட்டு டீயில இனிப்பு இருக்குமே" என்றார். அவர் சொன்னது வாஸ்தவம். ஐந்து நாளில் நான்கு நாள் அவர் குடிப்பது அடுத்த வீட்டு டீ.

சரி, நானே சொல்லிவிடுகிறேன் என்று முதலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் ஐந்து வீட்டு டீயும் இனிப்பில்லாமல் போகட்டும் என்றேன். கேட்கிற விதத்தில் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தெரியாது, உத்தரவு போடத்தான் தெரியும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா கீதேக்கா நாயம். போன மாசம் கருப்பட்டி போடுன்னீங்க, போட்டேன். இந்த மாசம் ஒண்ணுமே போடாதன்றீங்க. எங்க வூட்டுக்காரருக்குத்தான் ஒண்ணும் இல்லியே. உங்க வூட்டு ஆளுக்காக அவுரு எதுக்கு கசாயம் குடிக்கணும்? வேணும்னா உங்களுக்குன்னு தனியா ஒரு ஃபிளாஸ்க் குடுத்து வுடுங்க."

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் தனி ஃபிளாஸ்க் யோசனையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அது மட்டும் வேண்டாம்ளா" என்றார். மனசு நொந்தால் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "அஞ்சு பேரும் ஒரு ஃபிளாஸ்க்ல குடிக்கோம். நான் மட்டும் ஓரமா உக்காந்து என் ஃபிளாஸ்க்கைத் தொறந்தா, நான் சீக்காளி, அவங்க மெஷின்காரங்கன்னு ஆயிரும். அதுக்கு நான் கீழ எறங்கிட்டே போயிருதேன்."

ஸீட்டும் வேண்டும், கூட்டும் வேண்டும். இரண்டில் எது போனாலும் மனுஷர் உடைந்துவிடுவார். அது எனக்குப் புரிந்தது. வாயால் சொல்லி ஜெயிக்க முடியாததை டம்ளரால் ஜெயிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு வீட்டுப் பெண்களையும் சாயங்காலம் வரச் சொன்னேன். பின்பக்கம் மாமரத்தடியில் பாய் விரித்தேன். வறுத்த முந்திரி வைத்தேன். நாங்கள் இருக்கிற சீமையில் முந்திரிக்கா பஞ்சம்? ஏமாற்றுகிற வேலையெல்லாம் எனக்கு வராது. டம்ளர்களை எடுத்து வைக்கும்போதே சொல்லிவிட்டேன்: "இதுல சர்க்கரை இல்ல, கருப்பட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. குடிச்சுப் பாருங்க. நல்லா இல்லைன்னா மூஞ்சிக்கு நேரா திட்டுங்க. நான் அவருக்குத் தனி ஃபிளாஸ்க் குடுத்து விட்டுக்குறேன்."

பாய் வீட்டு அம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், தேயிலை வாசம் நல்லாத் தெரியுதும்மா" என்றார். பால் சேர்க்காத டீயில் வளர்ந்தவர், அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. மதுரைக்காரர் மனைவி, இஞ்சி இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றார். கோயம்புத்தூர்க்காரம்மா பால் பத்தாது என்றார். இருவரும் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் குறை சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுக்காரியை. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு குடித்தாள். முந்திரியைத் தின்றாள். மறுபடி குடித்தாள். கடைசியில் காலி டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா. திட்டணும்னா நல்லா தெரிஞ்சிகினுதானே திட்டணும்."

எல்லோரும் சிரித்தோம். நான் அவள் டம்ளரை வழிய வழிய நிறைத்தேன். அன்றே பேசி முடித்தோம். முறை மாறாது, ஃபிளாஸ்க் மாறாது. எல்லா வீட்டிலிருந்தும் இந்த டீதான் போகும். இனிப்பு வேண்டும் என்கிறவருக்குச் சின்ன டப்பாவில் சர்க்கரை கூடவே போகும், அவரவர் போட்டுக்கொள்ளட்டும். ஐந்து பேரும் ஒரே டீதான் குடிப்பார்கள். எழுந்து போகும்போது அவள் என் கையைப் பிடித்து, "கோச்சிக்காதீங்கக்கா, அன்னிக்கு அப்புடிப் பேசிட்டேன்" என்றாள். "நான் கேட்ட லட்சணத்துக்கு நீ பேசினது கம்மி" என்றேன்.

முதல் சில நாள் சர்க்கரை டப்பா காலியாகத்தான் வந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் அதைத் தொடவில்லை. மற்றவர்கள் கேலி செய்தார்களாம், கஷாயம் வந்திருச்சு டோய் என்று. இவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கேலி ஒன்றும் செய்யாது.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ரிசல்ட் வாங்கப் போன அன்று என்னால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தேன். என்னைவிட அவர் நிதானமாக இருந்தார், அல்லது நிதானமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டார். செருப்பு வாரை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நல்லா இறங்கியிருக்கு. மெஷின்லயே இருங்க. ஆனா மாத்திரையையும் நடையையும் விட்டுறக் கூடாது."

"எங்க வீட்டு டீயாலதாங்க இறங்குச்சு" என்றேன் நான்.

"மாத்திரையாலயும் நடையாலயும் இறங்குச்சும்மா. நீங்க டீயால ஏத்தாம இருந்தீங்க. அதுவே பெரிய விஷயம்."

சரி, அதையாவது ஒத்துக்கொண்டாரே. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "நீ மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம் கீழதான்ளா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்கும் அழுகை முட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதால் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று அவரை அதட்டி வண்டியை எடுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், அனுமதி வாங்கிக்கொண்டு நானும் பக்கத்து வீட்டுக்காரியும் சுரங்கத்தை மேலிருந்து பார்க்கிற இடத்துக்குப் போனோம். இவ்வளவு வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஷிப்ட் நேரத்தில் நான் அங்கே போனதில்லை. எட்டிப் பார்த்தால் ஒரு ஊரையே உள்ளே இறக்கி வைக்கலாம், அவ்வளவு பெரிய பள்ளம். கீழே எங்கள் மெஷின். அவ்வளவு பெரிய மெஷின் அங்கிருந்து பார்க்கச் சின்னதாகத் தெரிந்தது. ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. சக்கரம் மட்டும் நிற்காமல் சுற்றி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. கடலூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டே இருக்கும்போது சக்கரம் மெல்ல மெல்லத் தணிந்து நின்றது.

"என்னாக்கா, நின்னுடுச்சு?" என்றாள் அவள், கொஞ்சம் பயந்துபோய்.

எனக்குப் புரிந்துவிட்டது. பக்கெட்டின் பற்களைச் சரிபார்க்க அந்த நேரத்துக்கு நிறுத்துவார்கள். பார்த்து முடித்ததும் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள். "பல்லைப் பாக்கிறாங்க. அது முடிஞ்சதும் டீ" என்றேன்.

"இன்னிக்கு எங்க வூட்டு முறையாச்சேக்கா!"

"ஆமா, காலைல நீதானே குடுத்துவிட்டே."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடலூர்க் குடும்பத்துப் பக்கம் திரும்பினாள்.

"அங்க தெரியுது பாருங்க, பெரிய மிஷினு. அது எதுக்கு நின்னுகினு இருக்குது தெரியுமா? எங்க வூட்டு டீ குடிக்கத்தான்."

அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நான் சொல்லிக் குடுத்த டீ" என்றேன்.

"ஆமாங்க, இந்த அக்கா சொல்லிக் குடுத்தது. அந்த மிஷின ஓட்டுறவரு இவங்க வூட்டுக்காருதான்" என்று அவள் என்னையும் இழுத்து முன்னால் நிறுத்தினாள். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே ஒன்றும் அசையவில்லை. ஐந்து பேர் எங்கேயோ ஒரு நிழலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சக்கரம் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

"ஏறிட்டார்" என்றேன் நான்.